ரசமட்டம் சுட்ட லெமன் பை

தரையில் டைல்ஸ் பதிப்பது அவர் தொழில். கோணல் என்றால் கண்ணில் தூசி விழுந்த மாதிரி துடித்துப்போவார் என்பதால், மட்டம் பார்க்கும் கருவியின் பேரையே எடுத்து ‘ரசமட்டம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். விருந்துக்குப் போன வீட்டில்கூடத் தட்டைப் பார்க்கும் முன் தரையைத்தான் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்டவரிடமே கோணல் கண்டுபிடிக்க வீட்டில் ஓர் ஆள் இருந்தார்: மனைவி. பேக்கரி வேலையிலேயே தலை நரைத்தவர். அவர் திட்டு தொடங்கினால் விடிந்துவிட்டது, ஓய்ந்தால் விளக்கணைத்துவிட்டார்கள் என்று தெருவே தெரிந்துகொள்ளும்.

அந்த அம்மாள் இப்போது படுத்த படுக்கை. வயிற்றில் கட்டி. “இனிமே பத்தியம் எதுவும் வேண்டாம், பிடிச்சதைச் சாப்பிடட்டும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர்கள் எப்போது தாராளமாகிறார்கள் என்று தெரியாத அளவுக்கு ரசமட்டம் பச்சைப்பிள்ளை இல்லை. ஆனாலும் அவரைப் படுத்தியது வேறு சங்கதி. மனைவி திட்டுவதை நிறுத்திவிட்டார். ரசமட்டம் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுப் பார்த்தார். செருப்போடு படுக்கையறைக்குள் நடந்து பார்த்தார். ஒரு வார்த்தை இல்லை. ஒரே ஒரு திட்டு வாங்கிவிட்டால் ஆள் தேறிவிடுவாள் என்று, மருத்துவ உலகம் இன்னும் எட்டாத ஒரு முடிவுக்கு அவர் வந்து சேர்ந்தார்.

லெமன் பை சுடக் கிளம்பியது அதனால்தான். அது அந்த அம்மாளின் தனி ராஜ்யம். மாவைத் தட்டில் கிண்ணம்போலப் படிய வைத்துச் சுட்டு, எலுமிச்சைக் கூழை ஊற்றி, மேலே முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துப் போர்த்தி, மறுபடி ஓவனில் வைப்பார். அந்த நேரத்தில் புருஷன் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தாலே கரண்டி பறக்கும்.

“மாமா, உங்களுக்கு வெந்நீர் வைக்கவே வராது” என்றாள், அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மச்சினி. “அக்கா இதையெல்லாம் சாப்பிடவா போகுது?”

“சாப்பிட வேண்டாம்மா. பார்த்துட்டு நாலு திட்டு திட்டினா போதும்.”

“திட்டு வாங்கறதுக்குன்னே அடுப்புப் பத்தவைக்கிற மனுஷனை இப்பத்தான் பார்க்கிறேன்.”

எலுமிச்சைத் தோலைச் சீவியவர் அடியிலிருந்த கசப்பான வெள்ளைத் தோலையும் சேர்த்தே சீவினார். “சர்க்கரை எவ்வளவுடி?” என்று படுக்கையறையில் இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

“உங்க இஷ்டம்போலப் போடுங்க.”

அந்த வீட்டில் அவர் இஷ்டத்துக்கு எதுவும் நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

நுரையைப் பரப்பும்போதுதான் தொழில் புத்தி முன்னால் வந்து நின்றது. டைல்ஸைச் சுவரோடு முட்டவிடக் கூடாது. வெயிலில் விரிந்தால் புடைத்துக்கொள்ளும். அதே நியாயப்படி ஓரத்தில் சுற்றிலும் ஒரு விரல் இடம் விட்டு, மேற்பரப்பைக் கத்தியால் இழைத்து, குனிந்து மட்டம் பார்த்தார். துல்லியம்!

நுரைக்கு அந்த நியாயம் தெரியாது. ஓரத்து மாவைப் பிடித்துக்கொள்ள வழியில்லாமல் ஓவனுக்குள் சுருங்கி, நடுவில் தீவாக நின்றது. சுற்றிலும் தண்ணீர் கசிந்தது.

மச்சினி தலையில் கை வைத்தாள். ரசமட்டத்துக்கு ஒரே குஷி. “இதைப் பார்த்துட்டு அவளால சும்மா இருக்க முடியுமா!”

தட்டோடு போய்க் கட்டில் பக்கம் நின்றார். அந்த அம்மாள் பார்த்தார். ஒரு வாய் ஊட்டச் சொன்னார். மெல்ல விழுங்கினார்.

“நல்லாருக்கு.”

“என்னடி நல்லாருக்கு? கசக்குது. எனக்கே கசக்குது. ஓரத்துல இடம் விட்டிருக்கேன் பாரு, தண்ணி நிக்குது. உன் கடையில ஒருத்தன் இப்படிப் பண்ணியிருந்தா சும்மா விட்டிருப்பியா?”

“பரவாயில்லைங்க. கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கீங்க.”

கல்யாணமான நாளிலிருந்து வராத பாராட்டு வந்தேவிட்டது. ரசமட்டம் அதை வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, வேறு வழி தெரியாமல், தன்னைத் தானே திட்டத் தொடங்கினார்.

“அறிவிருக்கா உங்களுக்கு? நுரை ஓரத்தைப் பிடிக்கணும்னு தெரியாது? ஊருக்கெல்லாம் மட்டம் பார்க்கிற ஆளு, ஒரு எலுமிச்சம்பழம் சீவத் துப்பில்லை...”

வார்த்தை ஒன்றுகூட மாறாமல் மனைவியுடையதாகவே வந்தது. அதைக் கேட்டபடி அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். ரசமட்டம் நிறுத்தவில்லை. துண்டைத் திட்டினார், செருப்பைத் திட்டினார், குரல் உடைந்து மச்சினி வந்து தோளைத் தொடும்வரை திட்டிக்கொண்டே இருந்தார்.