துக்கத்துல செத்த நாயும் லொரீன் ஸ்டக்கியும்

ப்ரூயிட் கவுண்டியில யாராவது வீட்டுல செத்துக் கிடந்தா லொரீனைத்தான் கூப்பிடுவாங்க. இருபத்திரெண்டு வருஷமா அப்படித்தான். எதனால செத்தாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுற வேலைக்குப் பேரு கரோனர். அந்தக் கையெழுத்து டாக்டர் ஹாஸ்கின்ஸோடது. ஆனா பொணத்துக்குப் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து நகத்தைப் பாத்தது, மாத்திரை டப்பாவுல எத்தனை மிச்சம்னு எண்ணினது, ஃபிரிட்ஜைத் திறந்து பால் என்னைக்கு வாங்கினதுன்னு பாத்தது எல்லாம் லொரீன் ஸ்டக்கி.

அவங்க அம்மா ஹைவே ஓட்டல்ல காபி ஊத்தினவங்க. லொரீனும் அங்கேயே பன்னெண்டு வருஷம் தட்டு தூக்கினாங்க. புருஷன் விட்டுட்டுப் போன பிறகு, முப்பது வயசுல, ஆஸ்பத்திரியில தரை துடைச்சுக்கிட்டே நர்ஸ் படிப்பு முடிச்சவங்க. படிப்போட ஒரு வியாதியும் வந்து ஒட்டிக்கிச்சு. தப்பா ஒண்ணைக் கேட்டா அவங்களால சும்மா இருக்க முடியாது. சர்ச் நோட்டீஸ்ல தேதி தப்பா இருந்தா பேனாவால திருத்திட்டுத்தான் பாட்டுக்கு எந்திரிப்பாங்க. சளிக்கு வெங்காயத்தை சாக்ஸுக்குள்ள வச்சுத் தூங்கினா போதும்னு யாராவது சொன்னா, "யாரு சொன்னா? எங்க படிச்ச?"ன்னு கேட்டே ஆகணும். ஊரு அவங்களுக்கு 'புரொஃபசர்'னு பேரு வச்சிருந்துச்சு. அங்க அது மரியாதை இல்ல.

டாக்டர் ஹாஸ்கின்ஸ் ரிட்டையர் ஆனாரு. கரோனர் வேலை அந்த ஊர்ல தேர்தல்ல ஜெயிக்கிற வேலை. ஷெரீஃப் மாதிரி, நீதிபதி மாதிரி, ஓட்டு வாங்கினவங்களுக்கு. என்ன படிச்சிருக்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. வயசும் விலாசமும் இருந்தா போதும். லொரீன் நின்னாங்க. எதிர்த்து நின்னது டப் கெல்சோ. மெத்தைக் கடை வச்சிருக்கறவரு. ஊர்ல பாதிப் பேரு அவரு வித்த மெத்தையிலதான் படுக்கறாங்க. லொரீனோட பள்ளிக்கூடத்துல ஒண்ணாப் படிச்சவரு. அதாவது, ஒரே கட்டடத்துல இருந்தவரு.

தேர்தலுக்கு முன்னாடி தீயணைப்பு நிலையத்துல மீன் வறுவல் விருந்து. ஒவ்வொருத்தருக்கும் மூணு நிமிஷம் பேச்சு. லொரீன் எழுதி வச்சுப் பேசினாங்க. அடிபட்ட காயத்துக்கும், செத்த பிறகு ரத்தம் கீழ இறங்கித் தோல்ல தெரியுற கறைக்கும் என்ன வித்தியாசம், அது தெரியாம எழுதினா கொலைகாரன் தப்பிச்சிருவான், இல்லேன்னா ஒண்ணும் பண்ணாதவன் உள்ள போவான்னு விளக்கினாங்க. நல்லாத்தான் பேசினாங்க. நடுவுல அந்தக் கறைக்கு 'லிவிடிட்டி'ன்னு ஒரு டாக்டர் வார்த்தை வந்து விழுந்துருச்சு. அந்த ஒரு வார்த்தையில குறைஞ்சது எழுநூறு ஓட்டு போயிருக்கும்.

டப் மைக்கைப் பிடிச்சாரு. "எனக்குப் பெரிய வார்த்தை எல்லாம் வராதுங்க. பன்னெண்டாவதுக்கு மேல படிக்கல, அதைச் சொல்றதுக்கு வெக்கமும் இல்ல. செத்தவன் செத்தவன்தான். அதைச் சொல்ல எதுக்குங்க பட்டம்? உங்க வீட்டுல ஒரு சாவுன்னா உங்களுக்கு வேணுங்கறது பாடமா? தோள்ல கை போடுற ஒரு ஆளா?"

கைதட்டல்ல மீன் தட்டு ஆடுச்சு. தேர்தல்ல டப்புக்கு விழுந்த ஓட்டு நாலாயிரத்துச் சொச்சம். லொரீனுக்கு ஆயிரத்து முந்நூறு.

ஜனவரி ரெண்டாவது வாரம் நல்ல பனி. தார்ப் வரிசையில வெர்ல் லஸ்க் செத்துக் கிடக்கறாருன்னு போன். தார்ப் வரிசைங்கறது ஆர்வில் தார்ப் வாடகைக்கு விட்டிருக்கற ஏழு வீடு. ஏழும் ஒரே அச்சு. ஏழு வீட்டுலயும் ஒரே வருஷம் வாங்கின, வீட்டைச் சூடாக்கற ஒரே மாதிரி கேஸ் ஹீட்டர், ஏழையும் மாட்டினது தார்ப்போட மச்சான். டப்புக்கு ஃபாரத்தை எப்படி நிரப்பணும்னு தெரியல. அதனால, "எப்பவும் போல நீ கூட வா லொரீன், பழைய பழக்கத்துக்கு"ன்னு கூட்டிட்டுப் போனாரு.

வெர்ல் சாய்வு சோபாவுல உக்காந்த மேனிக்கு இருந்தாரு. கன்னம் ரெண்டும் செக்கச் செவேல்னு. காலடியில அவரோட நாய் பிஸ்கட், அதுவும் செத்துப் போய். கூண்டுல பச்சைக்கிளி, கால் மேல பாக்க. டிவி மேல கண்ணாடித் தொட்டியில ஒரு தங்கமீன் மட்டும் பாட்டுக்கு ரவுண்டு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பாஸ்டர் வந்திருந்தாரு. தார்ப் தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு வாசப்பக்கம் நின்னாரு.

"உயிரோட இருந்தப்பகூட வெர்லை இவ்ளோ நல்ல கலர்ல நான் பாத்ததில்ல"ன்னாரு டப். "நிம்மதியா போயிருக்காரு."

லொரீன் முதல்ல போய் ரெண்டு ஜன்னலையும் திறந்தாங்க. அதுக்குள்ள அவங்களுக்கே நெத்தி வலிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. "டப், அந்தக் கலர்தான் சங்கதியே. இது ஹீட்டர் புகை. கார்பன் மோனாக்சைடு. வாசனை வராது, கண்ணுக்கும் தெரியாது, ஆளைத் தூங்க வச்சே கொன்னுரும். ஒரு குழாய் ரத்தம் எடுத்து அனுப்பு, ரெண்டு நாள்ல தெரிஞ்சிரும்."

"வெர்லுக்கு ஹார்ட் வீக்கு. ஊருக்கே தெரியும்."

"நாய்க்கு?"

டப் நாயைப் பாத்தாரு. முகம் கனிஞ்சு போச்சு. "முதலாளி போன துக்கம் தாங்காம அதுவும் போயிருச்சு, பாவம்."

"கிளி?"

"கிளிக்கும் மனசு இருக்கு லொரீன்"னாரு பாஸ்டர், ரொம்ப மெதுவா.

"அப்ப தண்ணிக்குள்ள இருக்கற அந்த மீனு மட்டும்?"

எல்லாரும் மீனைப் பாத்தாங்க. அது வாயைத் திறந்து மூடிச்சு. "மீனுக்கு என்னைக்குப் பாசம் இருந்திருக்கு"ன்னாரு தார்ப்.

டப் பேனாவை எடுத்து 'இதயம்'னு எழுதினாரு. லொரீன் அவரு கையைப் பிடிச்சாங்க. "டேய், உன்னை மட்டம் தட்டுறதுக்காக நான் இதைச் சொல்லல. இதே ஹீட்டர் இன்னும் ஆறு வீட்டுல எரியுது. ஆறுலயும் ஆளு இருக்கு."

"இதான் லொரீன் உன்கிட்டப் பிரச்சனை. ஒரு மனுஷன் செத்துக் கிடக்காரு, நீ பரீட்சை நடத்துற." கையை விடுவிச்சுக்கிட்டாரு. "நாளையிலேர்ந்து நீ வர வேணாம். ஃபாரம் எனக்குப் பழகிருச்சு."

அவ்ளோதான். இருபத்திரெண்டு வருஷம் அந்த ஒரு வரியில முடிஞ்சு போச்சு.

ஞாயித்துக்கிழமை பாஸ்டர் பிஸ்கட்டை வச்சே பிரசங்கம் பண்ணாரு. 'இந்த நாய்க்கு இருக்கற விசுவாசம் நமக்கு இருக்கா'ன்னு கேட்டாரு. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் மூக்கைச் சிந்தினாங்க. பிஸ்கட் படம் போன் போனா சுத்துச்சு. கோர்ட்டு புல்வெளியில வெண்கலத்துல சிலை வைக்கறதுன்னு கமிட்டி போட்டாங்க. டப்தான் தலைவர். வெர்லை எல்லாரும் மறந்துட்டாங்க. மீனை மட்டும் யாரும் மறக்கல. 'நன்றி கெட்ட ஜென்மம்'னு அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக ஒருத்தரும் தயாரா இல்ல. லொரீன்தான் ஊறுகாய் ஜாடியில தூக்கிட்டு வந்தாங்க.

தீயணைப்புத் தலைவர்கிட்டப் போனாங்க. "கரோனர் இதயம்னு எழுதியிருக்காரு. இதயத்துக்கு நான் வண்டி எடுத்துட்டுப் போக முடியாது லொரீன்"னாரு. கேஸ் கம்பெனிக்குப் போன் பண்ணாங்க. வீட்டு ஓனர் சொல்லணும்னாங்க. ஓனர் தார்ப். அவரு சிலைக் கமிட்டியில பொருளாளர். அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள போனை வச்சுட்டாரு.

சரின்னு கடையில புகையைக் கண்டுபிடிச்சுக் கத்துற டப்பா ஆறு வாங்கினாங்க. வரிசையில முதல் வீடு ஆஷ்லினோடது. சின்னப் பொண்ணு, ரெட்டைக் கொழந்தை. கதவைத் திறக்கும்போதே நெத்தியைத் தடவிக்கிட்டு இருந்தா.

"தலைவலியாம்மா?"

"அதை ஏன் கேக்கறீங்க மிஸ் லொரீன். இந்த வரிசையில எல்லாருக்கும்தான். அந்தப் புது போன் டவர் வந்ததுலேர்ந்து."

"டவர் வந்தது ஜூன் மாசம். தலைவலி எப்ப வந்துச்சு?"

அவ யோசிச்சா. "குளிர் வந்த பிறகு."

"வெளிய கடை கிடைக்குப் போனா?"

"போயிரும்." ஒரு நொடி அவ முகத்துல என்னமோ ஓடுச்சு. அதுக்குள்ள உள்ள சோபாவுலேர்ந்து புருஷன் கோல்பி சத்தம் போட்டான். "அந்த டப்பாவெல்லாம் நாம பேசறதைக் கேக்கறதுக்கு வைக்கறது. வாங்காத. அப்புறம், அதுல புகைன்னு வந்தா டப் சொன்னது தப்புன்னு ஆயிரும். அந்த மனுஷன் நமக்கு மெத்தையைப் பாதி விலைக்குக் கொடுத்தாரு."

ஆஷ்லின் லொரீனைப் பாத்தா. டப்பாவை வாங்கிக்கிட்டா. மரியாதைக்குத்தான். துணி துவைக்கற மெஷின் பின்னாடி இருந்த ஆணியில மாட்டினா, புருஷன் கண்ணுல படாத இடமா. மத்த அஞ்சு வீட்டுல கதவே திறக்கல. ஒரு வீட்டுல திரைச்சீலை விலகிச்சு, "புரொஃபசர் வந்திருக்கு"ன்னு உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. அஞ்சு டப்பாவையும் திருப்பிக் காருக்குக் கொண்டு வந்தாங்க. பின் சீட்டுல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினாங்க. பயம். இந்தக் குளிர் போறதுக்குள்ள இந்த அஞ்சு வாசல்ல எதுக்கு வரப் போறோமோங்கற பயம்.

பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். கதவு ஜன்னல் எல்லாம் மூடி, கோல்பி டிவியில பந்து விளையாட்டு பாத்துக்கிட்டு இருந்தான். மெஷின் பின்னாடிலேர்ந்து ஒரு அலறல். கோல்பி டிவி சத்தத்தைக் கூட்டிப் பாத்தான், அலறல் அடங்கல. ஆஷ்லின் இடுப்புல பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு கொழந்தையையும் தூக்கிட்டு செருப்பில்லாம பனியில ஓடினா. கோல்பி பின்னாடியே வந்து வாசப்படியில வாந்தி எடுத்தான். தீயணைப்பு வண்டி மீட்டரோட வந்துச்சு. வீடு முழுக்க புகை. ஹீட்டர் உள்ள விரல் நுழையற விரிசல். நாலு பேரும் பிழைச்சாங்க.

லொரீனுக்குச் சேதி போச்சு. சமையல்கட்டுலயே உக்காந்து அழுதாங்க. இனிமே எல்லாருக்கும் புரிஞ்சிரும்னு நெனச்சாங்க. பாவம். அறுபத்தோரு வயசுக்கு அப்புறமும் அவங்களுக்கு ஊரைப் பத்தி ஒரு நம்பிக்கை.

மறுநாள் காலையில லொரீன் காபிக் கடைக்குள்ள நுழையும்போதே கோல்பி மேஜையைத் தட்டிப் பேசிக்கிட்டு இருந்தான். "நான் சொல்றேன் கேளுங்க, அது மெஷின் சத்தம் இல்ல. ஊளை. பிஸ்கட்டோட ஊளை. பக்கத்துல இருக்கற வெர்ல் வீட்டுலேர்ந்து சுவரு வழியா வந்து எங்களை எழுப்பிச்சு."

"நாய்னா அது நாய்"னு ஒருத்தரு தொப்பியைக் கழட்டினாரு.

"டப்பாதான் கத்துச்சு கோல்பி"ன்னாங்க லொரீன். "நான் கொடுத்த டப்பா."

"இருக்கலாம் மிஸ் லொரீன்." கோல்பி பெரிய மனசு பண்ணிச் சொன்னான். "ஆனா அதைக் கத்த வச்சது யாரு?"

டப் வெர்லோட காகிதத்தைத் திருத்த மாட்டேன்னுட்டாரு. செத்தவருக்கு அதனால என்ன ஆகப்போகுதுன்னு கேட்டாரு. தார்ப் அந்த ஒரு வீட்டு ஹீட்டரை மட்டும் மாத்தினாரு. மிச்சம் அஞ்சும் எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு.

ஒரு வாரம் கழிச்சு லொரீன் மீனுக்குத் தீனி வாங்கத் தீவனக் கடைக்குப் போனாங்க. உள்ள நுழைஞ்சதும் அப்படியே நின்னுட்டாங்க. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல டப்பா மலை மாதிரி அடுக்கியிருந்துச்சு. அதே புகை டப்பா. ஒவ்வொண்ணு மேலயும் பிஸ்கட் படம் ஒட்டி, தலையைச் சுத்தி ஒளிவட்டம் வேற. கடைக்கார நடீன் சிரிச்சுக்கிட்டே சொன்னா, "முப்பத்தெட்டு போயிருச்சு லொரீன். இன்னொரு லாட் சொல்லியிருக்கேன். சிலைக் கமிட்டி ஐடியா."

அங்க தார்ப் வரிசைக் கடைசி வீட்டு ஓபல் கிழவி ஒரு டப்பாவைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. எட்ட டப் நின்னுக்கிட்டு இருந்தாரு. கிழவி நிமிர்ந்து பாத்துச்சு. "லொரீன், நீ அந்த நாயை நேர்ல பாத்தவ. எல்லாத்துலயும் தப்பு கண்டுபிடிக்கறவ. உண்மையைச் சொல்லு. அது ஊளையிட்டுச்சா?"

கடையில எல்லாரும் லொரீன் பக்கம் திரும்பினாங்க. சர்ச் நோட்டீஸைக்கூட விடாமத் திருத்துற ஆளு அவங்க. லொரீன் வாயைத் திறந்தாங்க, மூடினாங்க. கிழவியோட கையைப் பாத்தாங்க. டப்பாவைத் திரும்ப அடுக்குல வைக்கப் போற மாதிரி இருந்துச்சு.

"ஊளையிட்டுச்சு ஓபல்"னாங்க. "ஆனா இந்த டப்பா இருக்கற வீட்டுலதான் ஊளையிடும். பேட்டரி போட்டிருக்கணும். படுக்கற ரூமுக்குப் பக்கத்துல மாட்டணும். மாசம் ஒரு தடவை இந்தப் பொத்தானை அமுக்கிப் பாக்கணும், அது முழிச்சிருக்கான்னு."

கிழவி ரெண்டா வாங்கிச்சு. டப் வந்து லொரீன் தோள்ல கை போட்டாரு. "இப்பத்தான் லொரீன் நீ நம்ம ஆளு மாதிரி பேசுற. அடுத்த தடவை நின்னா நானே உனக்கு ஓட்டுப் போடுவேன்."

லொரீன் அந்தக் கையை எடுத்துக் கீழ விட்டாங்க. கடை நோட்டுல யாரு யாரு வாங்கியிருக்காங்கன்னு விரல் வச்சு ஒவ்வொரு பேராப் படிச்சாங்க. தார்ப் வரிசையில ஓபலோட சேர்த்து நாலு வீடு வந்திருச்சு. ஹாலிஸ் ப்ராக் வீடு மட்டும் இல்ல.

"ஹாலிஸ் வரலையா?"

"வந்தாரு. படத்தைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு"ன்னா நடீன். "சின்ன வயசுல நாய் கடிச்சதாம். நாய்ன்னாலே ஆகாது. வீட்டுல நாலு பூனை."

வெளிய மறுபடியும் பனி கொட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. லொரீன் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி, கோட்டு நுனியில நிதானமா துடைச்சு, திரும்ப மாட்டிக்கிட்டாங்க.

"நடீன், உன்கிட்ட பூனைப் படம் எதாவது இருக்கா?"