சுத்தமான கை

இங்கிலாந்தின் டெவனில் கிழவர் லஸ்கோமின் பண்ணையில் ஹெஸ்டர் டாப்ஸ்காட் முப்பது வருஷம் மாடு கறந்தாள். "எனக்கப்புறம் எல்லாம் உனக்குத்தான்" என்ற ஒரே பேச்சை நம்பித்தான். அவர் செத்ததும், பண்ணை தனக்கென்று அவருடைய தம்பிக்காரன் வந்து நின்றான்.

"வாக்கை நம்பி உழைச்சவங்களைக் கோர்ட்டு கைவிடாது. ஆனா சுத்தமான கையோட வரணும்" என்றார் வக்கீல்.

வழக்கன்று அவள் சலவைச் சோடாவில் கையைத் தேய்த்துச் சிவக்கவைத்துக்கொண்டு போனாள். வக்கீல் சிரித்துவிட்டார். "சாணியைச் சொல்லலை மிஸஸ் டாப்ஸ்காட். நியாயம் கேக்க வர்றவங்க தாங்களும் தப்புப் பண்ணியிருக்கக் கூடாதுன்னு அர்த்தம்."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

சாவதற்கு முந்தின வாரம் கிழவர் எழுதி வைத்திருந்தார்: 'நான் சொன்னதை மறந்துடு ஹெஸ்டர். பண்ணை தம்பிக்கு.' அந்தக் கடிதத்தை அவள்தான் சமையலறை அடுப்பில் போட்டு எரித்திருந்தாள்.

பண்ணை அவளுக்கே என்று தீர்ப்பானது. வக்கீல் படியிறங்கிக்கொண்டே சொன்னார்: "கடைசியில அவர் மனசு மாறியிருந்தாக்கூட நாமதான் ஜெயிச்சிருப்போம். முப்பது வருஷம் நம்பவெச்சிட்டுக் கையை விரிக்க முடியுமா?"

பதினோரு குளிர்காலம் போய்விட்டது. அதன்பிறகு அந்த அடுப்பை அவள் பற்றவைக்கவேயில்லை. இருந்தும் தினமும் காலையில் அதில் சாம்பல் சூடாக இருப்பதாகச் சொல்கிறாள்.