அபூதாஹிரின் ஏலக்குரல்

கிண்ணியாக் கடற்கரையில் கரைவலை மீனை ஏலம் கூறியவர் அபூதாஹிர். அவர் விலை கூறத் தொடங்கினால் சைக்கிள் வியாபாரிகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. எழுபத்துமூன்றாம் ஆண்டு, தோணியைக் கரையேற்றும்போது பாய்மரம் சரிந்து அவர் தலையின் இடப்பக்கத்தில் விழுந்தது. காயம் ஆறியது, பேச்சு திக்கத் தொடங்கியது.

“கடல்ல எதையோ கண்டு பயந்திட்டார்” என்றது ஊர். ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள், கையில் நூல் கட்டினார்கள். பயம் தெளியும்வரை கரைப்பக்கம் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். வலைச் சொந்தக்காரர் சரீப், ஏலத்தை அபூதாஹிரின் மச்சான் அன்ஸாரிடம் கொடுத்தார்.

“பெருநாளைக்குள்ள இவர்ட பேச்சு திருந்தாட்டி இனி அன்ஸார்தான்” என்றார் சரீப்.

“நா… நா… நான் ஒண்டையும் காணல்ல” என்றார் அபூதாஹிர். நம்பியவள் மனைவி றஹ்மா மட்டுமே. “பயந்த மனுசன் இவ்வளவு சோறு திம்பாரா?” என்று கேட்டுவிட்டு, அவரைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டொக்டர் அவரை எண்ணச் சொன்னார். வலது கையை அமுக்கிப் பார்த்தார். பிறகு, “தொழில்ல பாடுற பாட்டு ஏதும் இருக்கோ?” என்றார்.

வலை இழுக்கும்போது பாடும் அம்பா இருந்தது. வார்டு முழுக்கப் பார்த்திருக்க, அபூதாஹிர் கூச்சமில்லாமல் பாடினார். வரிக்கு வரி திக்கியது. பாட்டும் போய்விட்டதே என்று றஹ்மா தலையைக் குனிந்தாள். டொக்டரோ தெளிந்த முகத்தோடு நிமிர்ந்தார்.

“சின்ன வயசில இருந்து திக்கிறவை பாடேக்க அநேகமாத் திக்கமாட்டினம். இவர் கதைச்சாலும் எண்ணினாலும் பாடினாலும் ஒரே மாதிரித்தான். முகம் சுளிக்கிறதில்லை, வெக்கமுமில்லை. வலது கையும் கொஞ்சம் தளர்ந்திருக்கு. இது மூளையில இடப்பக்கம் பட்ட அடியால வந்தது, பயத்தால இல்லை.”

“அதச் சத்தமாச் சொல்லுங்க டொக்டர், வார்டெல்லாம் கேக்கட்டும்” என்றாள் றஹ்மா. அடிபட்டபின் அன்றுதான் அபூதாஹிர் வாய்விட்டுச் சிரித்தார்.

விரலால் தட்டித் தட்டி, ஒவ்வொரு அசையாகப் பேசப் பழகச் சொன்னார் டொக்டர். வீட்டில் அடுப்படிக் குசினிதான் ஏலக்கரை. அவர் பலகையில் தட்டிக் கத்தரிக்காயை ஏலம் கூறுவார். றஹ்மா அநியாய விலைக்குக் கேட்பாள்.

பெருநாளுக்கு முந்திய வாரம் கரைக்குப் போனார்.

“நீங்க கூறி முடியிறதுக்குள்ள மீன் கருவாடாயிரும் மச்சான்” என்றான் அன்ஸார்.

அபூதாஹிர் மீன்பெட்டியின் விளிம்பில் தட்டினார். விலை மெதுவாக, அசை அசையாக வந்தது. அன்ஸாரின் அவசரத்தில் வாய் திறக்க நேரமில்லாமலிருந்த வியாபாரிகள், அந்த இடைவெளியில் ஒருவரையொருவர் பார்த்து விலையை ஏற்றினார்கள். பாரை மீன் குவியலுக்கு இருவர் சண்டையே பிடித்தார்கள்.

சரீப் அன்ஸாரைத் திரும்பிப் பார்த்தார். “நீ போய்த் தராசப் பிடி.”

அடுத்த குவியலில் அபூதாஹிர் நன்றாகவே திக்கினார். ஒருவரும் நகரவில்லை, விலை முழுதாக வரட்டும் என்று காத்து நின்றார்கள்.