அலமாரி போலச் செய்த ஆர்கன் பெட்டி

எழுதத் தெரியாதவன் எழுத உட்கார்ந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டவன். சுங்கைப் பட்டாணியில் அலமாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை. மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. இந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வீட்டில் ஆள் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

பீடோங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு மாதா கோயில். அங்கே கையாலும் காலாலும் வாசிக்கும் பழைய ஆர்கன் உண்டு. அதன் சத்தம் தனியாக நிற்கும் ஒரு மரப்பெட்டியிலிருந்து வரும். பெட்டியின் மேல் அறையில் ஒரு புனல் சுற்றும், கீழ் அறையில் ஓர் உருளை. நடு அறையில் ஒலிபெருக்கி. பக்கப் பலகைகளில் உள்ள இடைவெளிகள் வழியாகச் சத்தம் சுழன்று வெளியே வரும். அந்தப் பெட்டியைக் கரையான் அரித்துவிட்டது.

ஆர்கன் வாசிக்கும் அக்கா எனக்கு எதிர்வீடு. என் கேட்டைத் தட்டினார். "தம்பி, நீங்க அலமாரி செய்ற ஆளுதானே? வந்து பாருங்க லா." கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைத் தவிர என் கேட்டை வேறு யாரும் தட்டுவதில்லை. நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவன். இருந்தாலும் போனேன்.

இரண்டு வாரம், வேலை முடிந்த மாலைகளில், அந்தக் கோயிலிலேயே கனத்த பிளைவுட்டில் புதுப் பெட்டி செய்தேன். அக்கா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே பேசுவார். நான் தலையாட்டுவேன். வீட்டுக்குப் போன பிறகுதான் பதில் தோன்றும்.

புனலையும் உருளையையும் ஒலிபெருக்கியையும் புதுப் பெட்டிக்கு மாற்றியதும், வெள்ளிக்கிழமை அக்கா வாசித்துப் பார்த்தார். சத்தம் சுற்றவில்லை. போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் வந்தது. அடிக்குரலில் கனமே இல்லை.

"என்ன தம்பி, பொட்டிக்குச் சளியா?" என்றார் அக்கா.

கோயில் கமிட்டி அண்ணன் சிரித்தார். "சட்டை மாட்டத்தான் லாயக்கு. ஞாயித்துக்கெழமப் பூசைக்குச் சரியா வரலன்னா கீபோர்டு வாங்கிடுவோம் லா."

அக்கா சிரிக்கவில்லை. பாதிப் பாட்டைக் காலால் வாசிப்பவர் அவர். கீபோர்டில் காலுக்கு வேலை இல்லை.

சனிக்கிழமை காலை தனியாகப் போய், கரையான் தொடாத பழைய பலகையைப் புதியதோடு வைத்துப் பார்த்தேன். பழைய இடைவெளியில் இரண்டு விரல் நுழைந்தது. என்னுடையதில் பென்சில்கூட நுழையாது. பல்லி புகாமல் இருக்கட்டும் என்று குறுக்கியிருந்தேன். நடு அறையின் முதுகில் மூன்று காற்றுத் துளைகள். துணி பூஞ்சணம் பிடிக்காமலிருக்க எல்லா அலமாரிக்கும் போடுவோம். கை தானாகப் போட்டுவிட்டது. பழைய பெட்டியில் நடு அறைக்கு ஊசித் துளைகூட இல்லை; என்னுடையதில் அடிக்குரல் அந்தத் துளைகள் வழியாகக் கசிந்துபோயிருக்கிறது. திறக்க வேண்டியதை அடைத்து, அடைக்க வேண்டியதைத் திறந்திருக்கிறேன்.

இடைவெளிகளை அறுத்து அகலமாக்கினேன். துளைகளில் கட்டை அடித்துப் பசை பூசினேன். அதிரும் முதுகுப் பலகைக்கு நான்கு திருகாணி கூடுதலாகப் போட்டேன்.

மாலையில் அக்கா வாசித்தார். சத்தம் சுவரைத் தொட்டுத் தொட்டுத் திரும்பி வந்தது. அவர் கால் கீழ்க்கட்டையை அழுத்தியபோது பெஞ்சு அதிர்ந்தது.

"ம், நல்லாத்தான் இருக்கு," என்றார் கமிட்டி அண்ணன். "கீபோர்டு வேணாம். இனிமே யாரும் இதத் தொடாதீங்க."

அக்கா கதவைப் பூட்டினார். "வேற வேலை ஒண்ணும் பாக்கி இல்லியே, தம்பி?"

"இல்லக்கா," என்றேன்.

மறுநாள் ஞாயிறு. உள்ளே போக இனி வேலை இல்லை; கோயிலுக்கு எதிர்ப்பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி முதல் பாட்டைக் கேட்டேன். பிறகு பசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தேன்.