வரைபடத்தில் எங்கள் ஊர்

எழுபதுகளின் கடைசி. எங்கள் மலையில் அக்கா புருஷன் சாமை விதைத்திருந்த நிலம் காட்டிலாகாவுடையது என்று சொல்லி, அறுவடைக்கு முன்பே காலி செய்யச் சொன்னார்கள்.

"காட்டுக்கு எல்லை போட்டப்பவே உங்க ஊரு இங்க இருந்துச்சுன்னு காட்டு. அப்புறம் பேசலாம்" என்றார் பாரஸ்ட் கார்டு.

வேலூரில் ஒரு நூலகத்தில் வெள்ளைக்காரன் காலத்து வரைபடங்களைக் கண்காட்சியாக வைத்திருப்பதாக ஜீப் டிரைவர் சொன்னதும் மாமாவுக்கு உயிர் வந்தது. கார்டையும் கூப்பிட்டார். பஸ் செலவும் பிரியாணியும் மாமாவுடையது என்றதும் அவரும் கிளம்பிவிட்டார்.

"மாமா, உன் மூஞ்சியையும் வரைஞ்சி வெச்சிருப்பான். பாத்துட்டு பயந்துறாத" என்றேன் பஸ்ஸில்.

"எட்டாங்கிளாஸ்ல ஓடியாந்தவன் நீ. ஊரு பேர மட்டும் படிச்சி சொல்லு, போதும்."

கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பழுப்பேறிய தாள்கள். மலைகளைக் கம்பளிப்பூச்சி போல வரைந்திருந்தார்கள். தொட்டால் அரிக்கும் என்று மாமாவைச் சீண்டிக்கொண்டே ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். எங்கள் ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது.

"பாத்தீங்களா சார்! எங்க ஊரு!" மாமா கண்ணாடியைத் தட்டினார். காவலாளி அதட்டினான்.

கார்டு நிதானமாகக் குனிந்து பார்த்தார். "இங்க ரெண்டு ஓடை சேருது. உங்க ஊருல ஏதுய்யா ஓடை?"

"அது பழைய எடமுங்க" என்றார் மாமா சந்தோஷமாக. "எங்க தாத்தா காலத்துல வாந்திபேதி வந்து சனம் செத்துச்சு. மிச்சம் இருந்தவங்க சாமிக் கல்லத் தலைல தூக்கினு, ஊரு பேரையும் எடுத்துனு இந்தாண்ட வந்துட்டாங்க."

"இப்ப நீங்க குடியிருக்கிற எடம் எது?"

மாமா விரல் வைத்த இடத்தில் வெறும் பச்சை. ஓர் எழுத்துகூட இல்லை.

"நீயே சொல்லிட்ட. காட்டுக்குள்ள பின்னால வந்து குந்தினவங்க நீங்க."

மாமாவுக்கு விளங்கவில்லை. மலையில் ஊர் என்றால் ஜனம்தான். அது நகர்ந்தால் பெயரும் கூடவே நகரும். அதை மறைக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

திரும்பும்போது கார்டு வயிறு நிறைந்து குறட்டை விட்டார்.

"பேரு இருந்துச்சு இல்ல மச்சான்? நீதான படிச்ச?"

"இருந்துச்சு மாமா." கிண்டல் எதுவும் வரவில்லை.

சாமை கதிர் விட்ட நேரத்தில் எல்லைக் குழி வெட்ட வந்தார்கள். "அறுத்துக்கறோமுங்க" என்று அக்கா கும்பிட்டாள்.

"மேப்புல இருக்கிற எடத்துக்குப் போய் விதைங்க" என்றார் கார்டு.

"செத்தவங்கள பொதைச்ச மண்ணுங்க. அங்க எப்படிங்க ஏரு ஓட்றது?" என்றாள் அக்கா.

அவர் கதிர்களை மிதித்துக்கொண்டே அடுத்த குழிக்கு அடையாளம் போடப் போனார். குழிக்குக் கூலியாள் போதவில்லை என்றார்கள். சாமையும் போன பிறகு வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை. மறுநாள் மாமா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கூலிக்கே போனார். எல்லையில் தன் நிலத்துக்கு ரொம்பத் தள்ளியிருந்த எதிர்முனையிலிருந்து வெட்ட ஆரம்பித்தார்.