‘ஓடினார்’ என்று எழுதிவிட்டு நாரணாபுரம் போனேன்

சிவகாசிக்கு எல்லோரும் பட்டாசு வாங்கப் போவார்கள். நான் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் சரக்குக் கப்பல் கேப்டன். மலாக்கா நீரிணையில் எங்கள் கப்பலின் சமையலறையில் எண்ணெய் தீப்பிடித்தது. கதவு திறந்து கிடந்ததால் சாப்பாட்டுக் கூடமும் எரிந்தது. சமையல்காரர் அருள்ராஜ் “அணைக்க முயலாமல் ஓடினார்” என்று அறிக்கை எழுதினேன். அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இனி அவரைக் கப்பலில் ஏற்றுவதா என்று முடிவெடுக்க, திங்கட்கிழமைக்குள் என் இறுதி வாக்குமூலம் வேண்டும் என்றது நிறுவனம்.

அதை எழுத உட்கார்ந்தபோதுதான் பழைய மலாய்க் கடல் சட்டம் குறுக்கே வந்தது. பொழுதுபோகாமல் படிக்க வைத்திருந்த மொழிபெயர்ப்பு. கப்பலில் நாகுதாதான், அதாவது கேப்டன்தான், அரசன் என்கிறது. படித்து மீசையை முறுக்கிக்கொண்டேன். அடுப்பைக் கவனிக்காமல் விட்ட அடிமைக்கு அடி, அவனைக் கண்காணிக்காத எசமானுக்கும் தண்டம் என்று அடுத்து வந்ததும் மீசை இறங்கிவிட்டது. இன்றைய சர்வதேசச் சட்டமும் என்னை விடவில்லை. புதிய ஆட்கள் அதிகம் ஏறினால், துறைமுகம் விட்ட இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தீயணைப்புப் பயிற்சி நடத்த வேண்டும். மழை என்று நான் தள்ளிப்போட்டிருந்தேன்.

விருதுநகரில் ரயிலைவிட்டு இறங்கும்போது காலை 6.20. பேருந்தில் சிவகாசி 27 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். ஆடி வெள்ளியில் சாத்தூர் வழியாக வராதீர்கள். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. சிவகாசியிலிருந்து அருள்ராஜின் ஊரான நாரணாபுரத்துக்கு ஆட்டோ 150 ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன். “சீசன்ல இந்த ரேட்டுக்கு ஹாரன்கூட அடிக்க மாட்டேன் சார்” என்றார் ஓட்டுநர்.

அருள்ராஜ் தெருமுனையிலேயே நின்றிருந்தார். “வாங்க சார், சாப்பிட்டீகளா?” என்றார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு நடக்கும் வழியில் ஒரு பட்டாசு ஆலை. வேலிக்கு அப்பால், ஒன்றுக்கொன்று எட்ட எட்ட சின்னச் சின்ன அறைகள். எந்தப் பக்கம் பார்த்தாலும் கதவு, எல்லாம் வெளிப்பக்கம் திறப்பவை. (உள்ளே போய்ப் படம் எடுக்கலாமா என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.) கப்பலுக்கு வருமுன் அருள்ராஜ் ஆறு வருடம் அங்கேதான் வேலை பார்த்தாராம்.

“எதுக்கு இம்புட்டுக் கதவு?” என்றேன்.

“ஓடுறதுக்குத்தான் சார். சேர்ந்த அன்னைக்கே சொல்லிருவாக. தீன்னா அணைக்க நிக்காத, கதவச் சாத்தாத, பக்கத்துல நிக்கிற ஆளையும் இழுத்துக்கிட்டு ஓடு. வாளியத் தேடி நின்னவுக வீடு திரும்பல.”

அப்படியே நின்றுவிட்டேன். கடலில் ஓட இடமில்லை. அங்கே கதவைச் சாத்தி, மணியடித்து, அணைக்க வேண்டும். அருள்ராஜிடம் பயிற்சிச் சான்றிதழ் இருந்தது. ஆனாலும் தீயைக் கண்டதும் அவருடைய கால் இந்த ஊர்ச் சட்டத்தைத்தான் கேட்டிருக்கிறது. கோழை என்று நினைத்தேனே என்று வெட்கமாக இருந்தது.

அவர் மனைவி ஜெயராணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடித்து வந்து தூங்காமல் காத்திருந்தார். “இவுக தப்பு பண்ணலன்னு சொல்லல சார். ராத்திரியெல்லாம் எந்திரிச்சு உக்காந்து, நான் கோழையான்னு கேக்காக. அதத்தான் தாங்க முடியல” என்றார்.

அவர்கள் மேசையிலேயே வாக்குமூலம் எழுதினேன். பயிற்சி நடத்தாதது என் தவறு, என் மீதும் நடவடிக்கை எடுக்கலாம் என்று படித்துக் காட்டிவிட்டு, “‘ஓடினார்’ என்ற வரியை எடுத்துவிடுகிறேன்” என்றேன்.

“வேண்டாம் சார், அது இருக்கட்டும். ஓடுனது நெசந்தான?” என்றார் அருள்ராஜ். “யாரு கையப் பிடிச்சுக்கிட்டு ஓடுனேன்னும் பக்கத்துல எழுதிருங்க. அம்புட்டுதான்.”

அதை நான் எந்த அறிக்கையிலும் எழுதியிருக்கவில்லை. அன்று தேநீர் கேட்டு, அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தவன் நான். பேனாவை எடுத்து, “கேப்டனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.