படத்தின் அடியில் விழுந்த முகவரி

நாகவல்லிக்குப் பயம் கூடவே பிறந்தது. நாயைக் கண்டால் பயம், லிஃப்டைக் கண்டால் பயம். மேலதிகாரி போன் செய்தால் எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவார். சேக்காட்டில் எங்கள் கிளை நூலகத்துக்கு அவர்தான் நூலகர். கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, அந்தப் பக்கமே போகாமல் இருந்தார். "தொட்டா எதுனா அழிஞ்சிடும் சார். அப்பால என்னைத்தான் கேப்பாங்கோ" என்பார். தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, பேப்பர் படிக்க அங்கே தினமும் போய் உட்காருகிற எனக்கு அவரைச் சீண்டுவது ஒரு பொழுதுபோக்கு.

அப்பேர்ப்பட்டவரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் போனார். திரும்பி வந்தபோது ஆளே வேறு. நூலகத்துக்கு முகநூல் பக்கம் தொடங்கினார். பழைய தேர்வு வினாத்தாள்களை ஸ்கேன் செய்து விடைகளோடு ஏற்றினார். காசில்லாமல் படிக்கக் கிடைக்கும் மின்னூல்களைத் தேடித்தேடி இணைப்புக் கொடுத்தார். திருமுல்லைவாயிலிலும் திருவேற்காட்டிலும் இருந்த நூலகர்கள் அதையெல்லாம் எடுத்துத் தங்கள் பக்கங்களிலும் போட்டார்கள். காலையில் வாசகர்களைப் படம் பிடித்துப் போடுவதும் வழக்கமாயிற்று. தெருப்பெயர், தேதி, நேரம் எல்லாம் படத்தின் அடியில் தானாகவே விழுகிற செயலியில்தான் எடுப்பார். நூலகம் நடக்கிறது என்று மேலிடத்துக்கு அத்தாட்சி. கீழே தவறாமல் 'அனைவரும் வருக' என்று எழுதுவார். ஒரு லைக் விழுந்தால் போதும், போனை என் மூக்குக்கு நேராக நீட்டிவிடுவார்.

ஜன்னலோர மேசை லாவண்யாவுடையது. முப்பது வயதுக்குள் இருக்கும். தோழியின் குவார்ட்டர்ஸில் தங்கி குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறாள் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஒருநாள் நூலகத்துக்கு போன் வந்தது. நாகவல்லி முகம் மலர்ந்து பேசினார். "ஆமா சார், எங்க பேஜ்தான். ஜன்னலாண்ட பச்சை சுடிதாரா? டெய்லி வந்துடும் சார், நல்லா படிக்கிற பொண்ணு. நீங்களும் வாங்க!"

போனை வைத்துவிட்டு லாவண்யாவிடம் ஓடினார். "நம்ம போட்டோவ எங்கியோ ஒருத்தர் பாத்துக்கீறாரும்மா. உன்னை விசாரிச்சாரு."

லாவண்யா எழுந்தாள். "எப்படிக்கா பேசினாரு? ரொம்ப மரியாதையாவா?"

"ஆமாம்மா. ரொம்ப மரியாத."

"அவர்தான்."

சுடிதாரின் கையை முழங்கைக்கு மேலே தள்ளிக் காட்டினாள். இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. கட்டிய கணவன் சிவராமன் செய்தது. ஊரில் புகார் கொடுத்தபோது சமாதானம் பேசி அவனோடேயே அனுப்பி வைத்தார்களாம். அடுத்த முறை உயிரோடு விடமாட்டேன் என்று அவன் சொன்ன பிறகுதான் இங்கே ஓடி வந்திருக்கிறாள்.

நாகவல்லி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து முகநூல் பக்கத்திலிருந்து படங்களை அழித்தார். பகிர்ந்த நூலகர்களுக்கெல்லாம் போன் போட்டு அழிக்கச் சொல்லிக் கெஞ்சினார். அழித்தார்கள். பார்க்க வேண்டியவன் பார்த்தாயிற்றே!

அன்றைக்கே லாவண்யாவுக்காகப் பின்வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "எங்கம்மா போவே?" என்று கேட்டார் நாகவல்லி.

"கேக்காதீங்கக்கா. தெரிஞ்சா பயத்துல சொல்லிடுவீங்க" என்றாள் லாவண்யா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் நாகவல்லியை அறுத்தது.

மறுநாள் சிவராமன் வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் விபூதி. லாவண்யாவை விசாரித்தான். அப்படி ஒருத்தி இப்போது வருவதில்லை என்றார் நாகவல்லி. "பரவாயில்ல மேடம். அனைவரும் வருகன்னு போட்டிருக்கீங்களே, அதான் வந்தேன்" என்று சொல்லி, அவளுடைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தான். அன்று மட்டுமல்ல, அதற்கடுத்த நாட்களிலும். புத்தகத்தைத் தொடமாட்டான். நூலகத்தின் பக்கத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருப்பான். பொது நூலகம், சும்மா உட்கார்ந்திருப்பவனை எப்படி வெளியே போ என்பது? நாகவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. பேப்பரை விரித்துப் பிடித்திருந்த எனக்கு ஒரு வரியும் ஓடவில்லை.

ஒருநாள் அவன் எழுந்து நேராக அவர் மேசைக்கு வந்தான். போனை நீட்டினான். நூலகப் பக்கத்தில் ஏதோ ஒரு பூப்படம் போட்ட கணக்கிலிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது: 'குரூப் ஃபோர் ஏழாவது வினாத்தாளுக்கு விடை திறக்கவில்லை.'

"இது யாரு மேடம்?"

நாகவல்லி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். சொல்லிவிடப் போகிறார் என்றே நினைத்தேன். யாராக இருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"நான்தான் சார்."

"நீங்களா?"

"இந்தப் பேஜை யாருமே பாக்கறதில்ல சார்." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "எத்தினி பேர் பாக்கறாங்கோன்னு மேல கேக்கறாங்கோ. அதான் நானே வேற பேர்ல கேள்வி கேட்டு, நானே பதில் போட்டுகினு கீறேன். லைக்குகூட பாதி என்னுதுதான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார், வேலை போயிடும்."

அவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சிரித்தான். "இதுக்கு ஒரு லைப்ரரி, இதுக்கு ஒரு சம்பளம்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதற்கப்புறம் வரவில்லை. ஆனாலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நாங்கள் இருவரும் இன்றைக்கும் நிமிர்ந்து பார்க்கிறோம். காலையில் போடுகிற படத்தில் இப்போது அலமாரிகள்தான் இருக்கின்றன.

அன்றைக்கு அவன் தெருமுனை தாண்டியதை நான் போய்ப் பார்த்து வந்து சொன்ன பிறகுதான் நாகவல்லி கம்ப்யூட்டரைத் தொட்டார். முதலில் தவறான தாளை ஏற்றி, அழித்து, மறுபடியும் ஏற்றினார். அந்தக் கேள்விக்குக் கீழே பதில் எதுவும் எழுதவில்லை. விடைத்தாளை மட்டும் எல்லாருக்கும் பொதுவாகப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் அதற்கு ஒரு லைக் விழுந்தது. யார் என்று பார்க்க நான் எட்டினேன். நாகவல்லி கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார்.